அடுத்த குழந்தைக்கு நான்கு ஆண்டு இடைவெளி: காப்பர்-டியா, ஹார்மோன் வளையமா, கைக்குச்சியா, ஊசியா?

நீலவானம்

குழந்தைக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் கொடுக்கிறேன், மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. அடுத்த குழந்தை வேண்டும், ஆனால் நான்கு ஆண்டுகளாவது போகட்டும் என்பது எங்கள் இருவரின் முடிவு. மாத்திரை எனக்குச் சரிப்படாது. இரும்புச்சத்து மாத்திரையையே நான் ஒழுங்காகப் போட்டுக்கொண்டதில்லை.

மருத்துவர் நீண்ட காலக் கருத்தடை பற்றிய ஒரு துண்டறிக்கையைக் கையில் கொடுத்து, "இந்த நான்கில் எது என்று அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார். காப்பர்-டி, ஹார்மோன் வளையம் (இரண்டும் கருப்பைக்குள் வைப்பவை), கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, மூன்று மாத ஊசி. சரியாகப் பயன்படுத்தினால் 99 சதவீதத்துக்கு மேல் பலன் என்று நான்கின் கீழும் ஒரே வாசகம். அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வைத்துக்கொண்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

முல்லைக்கொடி

காப்பர்-டி, நான்காவது ஆண்டு ஓடுகிறது. ஹார்மோன் எதுவும் உடம்புக்குள் போகக் கூடாது என்பதுதான் என் ஒரே நிபந்தனை, அதனால் யோசிக்கவே இல்லை. முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு அதிகம், வலியும் அதிகம். மூன்று நாளில் முடிவது ஆறு நாள் வரை போனது. பிறகு தணிந்துவிட்டது, ஆனால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்றபடி அது உள்ளே இருப்பதே நினைவில் வருவதில்லை.

பழைய செவிலி

நீலவானம், குடும்பநலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். முதலில் ஓர் அவசரச் செய்தி. தாய்ப்பால் கொடுப்பதே கருத்தடையாக வேலை செய்வதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறு உணவு கொடுக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் அதை நம்ப முடியாது. உங்கள் குழந்தைக்கு ஏழு மாதம். முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடலாம். முடிவு எடுக்கும்வரை ஆணுறையாவது இருக்கட்டும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். "சரியாகப் பயன்படுத்தினால்" என்று அந்த அறிக்கையில் இருக்கிறதே, சூட்சுமம் அங்கேதான். மாத்திரையும் சரியாகப் போட்டால் 99-க்கு மேல்தான். ஆனால் மனிதர்கள் மறப்பார்கள், பயணம் போவார்கள், மருந்து தீர்ந்துவிடும். அப்படி நடைமுறையில் பயன்படுத்தும்போது, ஓர் ஆண்டில் மாத்திரை போடும் நூறு பேரில் ஏறத்தாழ ஏழு பேர் கருவுறுகிறார்கள். ஊசியில் நான்கு பேர். காப்பர்-டியிலும் ஹார்மோன் வளையத்திலும் ஒருவருக்கும் குறைவு. கைக்குச்சியில் ஆயிரத்துக்கு ஒருவர். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையிலேயே இருநூறு பேருக்கு ஒருவர் கருவுறுகிறார்! அதற்குச் சமமான, சமயத்தில் அதைவிட மேலான ஒன்றை, வேண்டாம் என்று தோன்றும் நாளில் எடுத்துப்போட்டுவிடலாம் என்பதுதான் இவற்றின் சிறப்பு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. 2012-இல் அதன் முடிவு வெளிவந்தது. மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, பிறப்புறுப்புக்குள் வைக்கும் வளையம் (ஹார்மோன் வளையம் வேறு) ஆகியவற்றில் கருத்தடை தவறும் வாய்ப்பு, கருப்பைச் சாதனத்தையும் குச்சியையும்விட இருபது மடங்கு என்று கண்டார்கள். இருபத்தோரு வயதுக்குக் கீழே இருந்தவர்களிடம் இடைவெளி இன்னும் பெரிது.

ஆகவே பலனை ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். என்னிடம் வந்தவர்களிடம் நான் கேட்ட கேள்வி வேறு: எந்த மாதிரி உதிரப்போக்கோடு உங்களால் வாழ முடியும்? அதிகமாக, ஆனால் மாதம் தவறாமல் வந்தால் பரவாயில்லையா? வராமலே போனால் நிம்மதியா, அல்லது ஒவ்வொரு மாதமும் "கருவாக இருக்குமோ" என்று பதறுவீர்களா? எப்போது வரும் என்றே தெரியாமல் துளித்துளியாக வந்தால் பொறுப்பீர்களா? சாதனத்தை வேண்டாம் என்று எடுக்க வருபவர்களில் பெரும்பாலோர் கருத்தடை தவறியதால் வருவதில்லை. உதிரப்போக்கு பொறுக்காமல்தான் வருகிறார்கள்.

காப்பர்-டி: வரும், நேரத்துக்கு வரும், கூடுதலாக வரும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் கடினம். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் இருமுறை யோசியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை என்று நீங்கள் சொன்னதை நான் கவனித்தேன்.

ஹார்மோன் வளையம், அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம் உள்ளது: முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் கறைபடுதல் இருக்கும், பிறகு குறைந்துகொண்டே போகும். ஓர் ஆண்டு முடிவில் ஐந்தில் ஒருவருக்கு நின்றேவிடுகிறது.

குச்சி: இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐந்தில் ஒருவருக்கு நிற்கும். பலருக்கு எப்போதாவது வரும். சிலருக்கு நாள்கணக்கில் விடாது. பொதுவாக, முதல் மூன்று மாதங்களில் உங்களுக்கு அமைந்தது நல்ல மாதிரியாக இருந்தால் அது தொடரும். மோசமாக இருந்தால் சரியாவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஊசி: தொடக்கத்தில் ஒழுங்கில்லாமல் வரும். ஓர் ஆண்டு விடாமல் போட்டுக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு நின்றுவிடும்.

கடலோடி

நான் ஆண். என் மனைவிக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். காப்பர்-டி மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் "பின்னால் குழந்தையே பிறக்காது" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நெருப்பில்லாமல் புகையுமா?

பழைய செவிலி

நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. கருப்பை ஒரு மூடிய பை. அரிதாக, பொருத்தும் நேரத்தில் கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் போவது உண்டு. ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவு. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் கருப்பைச் சுவர் மென்மையாக இருப்பதால் அந்த வாய்ப்பு சில மடங்கு கூடும். ஆனாலும் ஆயிரத்துக்குப் பத்தைத் தொடாது. நீலவானமும் இதைக் கவனத்தில் கொள்ளட்டும்; கைப்பழக்கம் உள்ளவரிடம் பொருத்திக்கொள்வது முக்கியம். துளைத்தலைவிட அதிகம் நடப்பது தானாக வெளியே வந்துவிடுவது. முதல் ஆண்டில் இருபது பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பிரசவம் ஆன உடனேயே பொருத்தினால் இன்னும் கூடுதல்.

நெருப்பு இருந்தது தம்பி, அதையும் சொல்கிறேன். 1970-களில் டால்கான் ஷீல்டு என்று ஒரு சாதனம் அமெரிக்காவில் விற்றது. சாதனத்தை எடுப்பதற்காகக் கர்ப்பவாய்க்கு வெளியே தொங்கும் அதன் நூல் ஒற்றை இழை இல்லை. பல இழைகளைச் சேர்த்து உறையிட்ட நூல். விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதைப்போல அது கிருமிகளைக் கருப்பைக்குள் இழுத்தது. கடுமையான தொற்று, மலட்டுத்தன்மை, உயிரிழப்பு எல்லாம் நடந்தன. 1974-இல் விற்பனை நின்றது. அந்தப் பயத்தில் ஒரு தலைமுறை மருத்துவர்களே எல்லாக் கருப்பைச் சாதனங்களையும் ஒதுக்கிவைத்தார்கள். இன்றைய காப்பர்-டிக்கு ஒற்றை இழை நூல். பொருத்திய முதல் மூன்று வாரங்களில் தொற்று வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஏற்கெனவே கர்ப்பவாயில் பால்வினைத் தொற்று இருந்தால்தான் பெரும்பாலும் சிக்கல். அதன் பிறகு சாதனம் இல்லாத பெண்ணுக்கும் இவளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எடுத்த மாதமே கருவுறலாம். "எடுத்துவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும்" என்று சொல்வதெல்லாம் தேவையில்லாதது.

ஓரவெயில்

துளைத்தல், தொற்று எல்லாவற்றையும் எண் போட்டுச் சொல்கிறீர்கள், நன்றி. வலியைப் பற்றி ஏன் எல்லோரும் ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள்? "எறும்பு கடித்ததுபோல இருக்கும்" என்று என்னிடம் சொன்னார்கள். எனக்குப் பிரசவம் ஆனதில்லை. கருப்பையின் நீளத்தை அளக்கும் கம்பி உள்ளே போனபோதே கண் இருட்டிவிட்டது. மேசையிலிருந்து இறங்க அரைமணி நேரம் ஆயிற்று. "இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது" என்று அங்கிருந்தவர் சிரித்தார். வலியைக்கூட மறந்துவிட்டேன், அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

தேன்சிட்டு

ஓரவெயில், உங்களுக்கு அப்படி ஆனதற்கு வருந்துகிறேன். ஆனால் இதைப் படிக்கும் எல்லோரும் பயந்து ஓடிவிடக் கூடாது. எனக்கு இரண்டு சுகப்பிரசவங்களுக்குப் பிறகு போட்டார்கள். ஒரு சுருக்கு, அவ்வளவுதான். பேசிக்கொண்டே இருந்தேன், முடிந்துவிட்டது என்றார்கள்.

ஓரவெயில்

உங்களுக்கு வலிக்கவில்லை என்பது எனக்கு வலித்ததை இல்லாததாக்கிவிடாது, தேன்சிட்டு. உண்மையைச் சொன்னால் பெண்கள் ஓடிவிடுவார்கள் என்று நினைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். "பயந்து வராமல் போய்விடுவீர்கள்" என்று அங்கே யாரும் மறைப்பதில்லையே.

பழைய செவிலி

ஓரவெயில் பக்கம்தான் நான். பிரசவமான பெண்ணுக்குக் கர்ப்பவாய் இடம் கொடுக்கும். சிசேரியன் மட்டுமே ஆனவர்களுக்கும் பிரசவமே ஆகாதவர்களுக்கும் அப்படி இல்லை. யாருக்கு எவ்வளவு வலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, பொருத்தும் முன் எல்லோரிடமும் வலியைப் பற்றிப் பேச வேண்டும் என்றது. கர்ப்பவாயைச் சுற்றி, மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஊசியோ, மேலே தடவும் லிடோகெய்னோ உதவக்கூடும் என்றும் சொன்னது. கர்ப்பவாயை இளக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதை இன்னும் சிலர் கொடுக்கிறார்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். ஐபுபுரோஃபன் போட்டுக்கொண்டு போவது பொருத்திய பிறகான பிடிப்புவலிக்கு உதவும். பொருத்தும் நொடியின் வலிக்குப் பெரிதாக உதவாது.

கேட்டு வாங்குங்கள். "மரத்துப்போக என்ன தருவீர்கள்?" என்று நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். கால் நீட்டிப் படுத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

இரவுப்பணி

குச்சியைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். மேற்கையின் உட்புறம், முழங்கைக்குச் சற்று மேலே. நான்கு சென்டிமீட்டர் நீளம், ஏறத்தாழ தீக்குச்சியின் பருமன். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு வைத்தார்கள். வைத்தது தெரியவே இல்லை. கட்டிலில் ஏறிக் காலை விரிக்க வேண்டாம் என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன், மறைப்பானேன்.

ஆனால் எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அதிகம் இல்லை, ஆனால் தினமும் இருந்தது. இரவு வேலையில் இருப்பவளுக்கு இது என்ன தொல்லை என்று சொல்லி மாளாது. எடுத்துவிடுங்கள் என்று போனால், "இன்னும் மூன்று மாதம் பாருங்கள், பழகிவிடும்" என்றார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் மறுபடியும் மூன்று மாதம். வைக்கும்போது இருந்த அவசரம் எடுக்கும்போது யாருக்கும் இல்லை. கடைசியில் வேறிடத்தில் எடுத்துக்கொண்டேன்.

மருந்துப்பெட்டி

நான் மருந்தாளுநர். அந்த மருத்துவர் சார்பில் ஒரு வார்த்தை. குச்சியால் வரும் உதிரப்போக்கை மருந்தால் தணிக்கலாம். ஐந்து முதல் ஏழு நாள் ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரை, அல்லது ஒத்துக்கொள்பவர்களுக்குக் குறுகிய காலத்துக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. பலருக்கு நிற்கிறது, சிலருக்கு மருந்தை நிறுத்தியதும் திரும்புகிறது. "பொறுத்துப் பாருங்கள்" என்பது எப்போதும் தட்டிக்கழிப்பு ஆகாது.

இரவுப்பணி

எனக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை. "பொறுங்கள்" என்பதைத்தான் கொடுத்தார்கள்.

பழைய செவிலி

அப்படியானால் அது தட்டிக்கழிப்புதான். சரிசெய்ய இன்ன வழி இருக்கிறது, முயன்று பார்க்கிறீர்களா என்று கேட்கலாம், ஒருமுறை கேட்கலாம். வேண்டாம், எடுங்கள் என்று பெண் சொல்லிவிட்டால் எடுக்க வேண்டும். காரணம்கூடக் கேட்க வேண்டியதில்லை. மீளக்கூடிய முறை என்று பெயர் வைத்துவிட்டு, மீட்பதை இன்னொருவர் விருப்பத்துக்கு விட்டால் அந்தப் பெயரே பொய்.

நீலவானம், இதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பொருத்தும் முன் கேளுங்கள்: "எனக்கு வேண்டாம் என்றால் இதே இடத்தில் எடுப்பீர்களா? யார் எடுப்பார்கள்?" காப்பர்-டியையும் ஹார்மோன் வளையத்தையும் எடுப்பது எளிது, நூலைப் பிடித்து இழுத்தால் ஓரிரு நொடிகள். குச்சிக்குச் சிறு கீறல் வேண்டும், பழகிய கை வேண்டும். ஆழமாக வைத்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. ஆகையால் வைத்த உடனே அங்கேயே உங்கள் விரலால் தடவிப் பாருங்கள். தட்டுப்படாவிட்டால் எழுந்து வராதீர்கள். இப்போது வரும் ஒற்றைக் குச்சி எக்ஸ்ரேயில் தெரியும்படி செய்யப்பட்டது, கண்டுபிடித்துவிடலாம். 1980-களில் வந்த நார்பிளாண்ட்டில் ஆறு குச்சிகள். ஆறையும் தேடி எடுக்கப் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு இரண்டு குச்சி வந்தது, பிறகு ஒன்று.

மருந்துப்பெட்டி

எல்லோரும் தாண்டிப் போகும் ஒன்றை எழுதிவிடுகிறேன். வலிப்புக்குக் கார்பமஸெபின், ஃபெனிடாய்ன் போடுபவர்கள், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போடுபவர்கள், எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் போடுபவர்கள் ஆகியோருக்குக் கைக்குச்சியின் பலன் குறையும். கல்லீரல் குச்சியில் உள்ள ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். குச்சி இருந்தும் கருவுற்றவர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. காப்பர்-டிக்கும் ஹார்மோன் வளையத்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை, ஊசிக்கும் இல்லை. எந்த மருந்து சாப்பிட்டாலும், அது தொடர்பில்லாதது என்று நீங்கள் நினைத்தாலும், சொல்லிவிடுங்கள்.

பூவரசு

ஊசியை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கிறதே, இதில் எங்கே நீண்ட காலம்? ஆனாலும் நான் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். காரணம் எளிது. உடம்புக்குள் எதுவும் இல்லை, வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்குப் புரியும்.

பழைய செவிலி

புரிகிறது, பூவரசு. சேர்ப்பதா வேண்டாமா என்பதில் நாடுகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பிரிட்டன் வழிகாட்டுதல் சேர்க்கிறது, அமெரிக்காவில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. என் கருத்தில் ஊசிக்கு மூன்று மாத ஆயுள் என்பதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் அது கரையும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கருவுறும் திறன் திரும்பவும் காலம் எடுக்கும். கடைசி ஊசியிலிருந்து சராசரியாக ஒன்பது, பத்து மாதங்கள். சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேல். மலட்டுத்தன்மை இல்லை, தாமதம். இன்ன மாதம் கருவுற வேண்டும் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இது ஒத்துவராது.

எடை கூடுவது பற்றி இந்த நான்கில் ஊசி மீதுதான் ஆதாரத்தோடு குற்றம் சொல்ல முடியும். எலும்பின் அடர்த்தி குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். 2024-இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு, ஓர் ஆண்டுக்கு மேல் இந்த ஊசியைப் போட்டவர்களுக்கு, அறுவை சிகிச்சை தேவைப்படும் மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்றது. அந்தக் கட்டியே மிக அரிது, பெரும்பாலும் புற்றுநோயும் அல்ல. ஆகவே ஐந்து மடங்கானாலும் அரிதுதான். ஆனால் ஏற்கெனவே அப்படியொரு கட்டி இருந்தவர்கள் ஊசியின் பக்கம் போகக் கூடாது. அதே ஆய்வில் லெவோநார்ஜெஸ்ட்ரெல் வளையத்துக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

அரளி

நாற்பத்து மூன்று வயது. கருத்தடைக்காக அல்ல, உதிரப்போக்குக்காக ஹார்மோன் வளையம் வைத்துக்கொண்டேன். கட்டிகட்டியாகப் போய், ரத்த அளவு எட்டுக்கு இறங்கி, கருப்பையையே எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. வளையம் வைத்த முதல் நான்கைந்து மாதம் துளித்துளியாக வந்து எரிச்சலூட்டியது. பிறகு நின்றேபோயிற்று. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. இதை முப்பத்தைந்து வயதிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்ற கோபம்தான் மிச்சம்.

ஆனால் ஒரு கேள்வி. இதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று செய்தி படித்தேன். எவ்வளவு தூரம் உண்மை?

மருந்துப்பெட்டி

2024-இல் டென்மார்க் ஆய்வு ஒன்று வந்தது, அதைத்தான் படித்திருப்பீர்கள். வளையம் வைத்த பத்தாயிரம் பெண்களில், முதல் ஐந்து ஆண்டுகளில், வைக்காதவர்களைவிடக் கூடுதலாக 14 பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்று கணக்கிட்டார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. பெரிது என்றும் சொல்ல முடியாது. தங்களுக்கே மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு வளையம், குச்சி, ஊசி எதுவும் கூடாது. அவர்களுக்குக் காப்பர்-டிதான். உங்களைப்போல ரத்த அளவு எட்டில் இருந்தவர், அறுவை சிகிச்சையின் ஆபத்தையும் தட்டின் மறுபக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மின்மினி

இன்னும் குழந்தை பெறாதவர்களுக்குக் கருப்பைக்குள் வைக்க மாட்டோம் என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படி விதி இருக்கிறதா?

பழைய செவிலி

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறையில் பிள்ளை பெறாததும் இளவயதும் தடைகள் அல்ல. வெளியே வந்துவிடும் வாய்ப்பு சற்றுக் கூடுதல், வலி கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். வேறிடம் பாருங்கள்.

கடலோடி

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நூல் ஆணுக்குக் குத்துமா?

தேன்சிட்டு

நீளமாக விட்டால் குத்தாது, ஒட்ட நறுக்கினால்தான் முள்போலக் குத்தும். நாள்பட மென்மையாகிச் சுருண்டுகொள்ளும். உங்கள் மனைவி மாதவிடாய்க் கோப்பை பயன்படுத்துபவரானால், எடுக்கும்போது உறிஞ்சுபிடிப்பைத் தளர்த்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். நூலோடு சேர்த்து இழுத்தால் சாதனமும் கூடவே வந்துவிடலாம். நீங்கள் கேட்டதே நல்லது, பல கணவர்கள் கேட்காமலே "எடுத்துவிடு" என்கிறார்கள்.

ஓரவெயில்

இந்த நான்கும் பால்வினைத் தொற்றுகளைத் தடுக்காது என்பதையும் யாராவது எழுதுங்கள். அதற்கு ஆணுறை மட்டும்தான். சரி, நானே எழுதிவிட்டேன்.

நீலவானம்

எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா கேட்ட கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். வராமல் போனால் பதற மாட்டேன். எப்போது வரும் என்று தெரியாமல் வந்தால் பைத்தியம் பிடித்துவிடும். ரத்தசோகை இருப்பதால் காப்பர்-டி பின்னுக்குப் போய்விட்டது. ஹார்மோன் வளையம் பக்கம் சாய்கிறேன். ஆனால் தாய்ப்பாலில் ஹார்மோன் கலந்து குழந்தைக்குப் போகாதா? இன்னொன்று: நான்கு ஆண்டுகளில் எடுத்துவிடப் போகிறவள் எட்டு ஆண்டுச் சாதனத்தை வைப்பது வீண் இல்லையா?

பழைய செவிலி

மிகச் சிறிய அளவு பாலில் வரும். குழந்தையின் வளர்ச்சியிலோ பாலின் அளவிலோ கேடு காணப்படவில்லை. பிரசவமாகி நான்கு வாரம் கடந்த பிறகு தடையே இல்லை. பாலூட்டுபவர்களுக்குப் பொருத்தும்போது துளைத்தல் பற்றி மேலே சொன்னது மட்டும் நினைவிருக்கட்டும்.

எட்டு ஆண்டு என்பது மேல் எல்லை, ஒப்பந்தம் அல்ல. நான்கில் எடுக்கலாம், நாலு மாதத்திலும் எடுக்கலாம். ஹார்மோன் குறைவாக உள்ள சிறிய வளையங்களும் உண்டு, 19.5 மில்லிகிராம் ஐந்து ஆண்டுக்கு, 13.5 மில்லிகிராம் மூன்று ஆண்டுக்கு. அவற்றின் குழாயும் சன்னம், பொருத்துவது சற்று எளிது. ஆனால் உதிரப்போக்கைக் குறைப்பதில் பெரியதற்கு ஈடில்லை. ரத்தசோகை உள்ள உங்களுக்கு 52-தான் என் தேர்வு.

போவதற்குள் ஆணுறை கிழிந்ததென்றால், ஐந்து நாளைக்குள் காப்பர்-டி பொருத்துவது மாத்திரைகளைவிட உறுதியான அவசரக் கருத்தடை. அதற்கு ஹார்மோன் வளையமும் குறைந்ததல்ல என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் எல்லா இடத்திலும் அதை இதற்காகப் பொருத்துவதில்லை. கேட்டுப் பார்க்கலாம்.

அரளி

இந்த உரையாடலை நீட்டுவதற்கு மன்னிக்கவும். எனக்கு மாதவிடாய் நின்றதற்கு வளையம் காரணமா, வயதுதான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை வயதில் எடுக்க வேண்டும்?

பழைய செவிலி

வளையம் இருக்கும்வரை உதிரப்போக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரிட்டன் வழிகாட்டுதல்படி, நாற்பத்தைந்து வயதிலோ அதற்குப் பிறகோ வைத்த 52 மில்லிகிராம் வளையத்தைக் கருத்தடைக்காக ஐம்பத்தைந்து வரை விட்டுவைக்கலாம். காப்பர்-டியை நாற்பதுக்கு மேல் வைத்தால் மாதவிடாய் முற்றும்வரை போதும். நீங்கள் நாற்பத்தைந்துக்கு முன்பே வைத்துவிட்டதால் அந்தச் சலுகை கிடையாது. எட்டாவது ஆண்டில் மாற்ற வேண்டும். அப்போது வைக்கும் புதியதே கடைசியாக இருக்கும். பொருத்திய தேதியை எங்காவது எழுதிவையுங்கள். ஐம்பத்தைந்தில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். மறந்துபோன வளையத்தோடு எழுபதில் வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.